வாய்தா கேட்க நிற்பவள்

சைதன்ய தம்ஹானே இயக்கிய ‘கோர்ட்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2015இல், பெங்களூரில். கூட வந்த அலுவலக நண்பன் பாதியிலேயே தூங்கிப்போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. கேமரா அசையாமல் நிற்கும். அரசு வழக்கறிஞர் சட்டப் பிரிவுகளை ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்துக்கொண்டே போவார். சாட்சி சொன்னதை நீதிபதி தன் வார்த்தையில் சுருக்கித் தட்டச்சருக்குச் சொல்வார். அவ்வளவுதான் படம். இரண்டாம் முறை ஊரடங்கில் தனியாகப் பார்த்தேன். மூன்றாம் முறை போன தீபாவளிக்கு ஊரில், மடிக்கணினியில், சித்தி மகளோடு. அவள் வக்கீல். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் முன்சீப் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறாள்.

நான் சிரிக்காத இடங்களில் அவள் சிரித்தாள். ஒரு காட்சியில் படத்தை நிறுத்தச் சொல்லித் திரையைத் தொட்டுக் காட்டினாள். வாதாடும் இருவருக்கும் பின்னால், கறுப்புக் கோட்டோடு யார் யாரோ உட்கார்ந்தும் நின்றும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கதைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. “அண்ணே, முன்னாடி பேசுறவங்கள விடுங்க. பின்னாடி நிக்குறாங்கல்ல, அதான் நான்.”

இரண்டு முறை பார்த்தும் என் கண் அங்கே போனதில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. மும்பையில் நாராயண் காம்ப்ளே என்ற வயதான மக்கள் பாடகர் மீது ஒரு வழக்கு. அவர் பாடிய பாட்டைக் கேட்டு ஒரு சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவரைச் சிக்கவைக்க 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம்வரை தோண்டி எடுக்கிறார்கள். இறந்தவரின் மனைவி கூண்டேறிச் சொல்லும் சாட்சியம் படத்தின் உச்சம். ஆனால் உச்சம்போலவே தெரியாது. இறங்குவதற்கு முன் குழிக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பார், கரப்பான் வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம் என்கிறார். குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அரசு வழக்கறிஞர் நூதன் வேலை முடிந்து மின்சார ரயிலில் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார். எதிர்த்தரப்பு வினய் வோரா காரில் போய் சூப்பர் மார்க்கெட்டில் ஒயினும் சீஸும் வாங்குகிறார். நீதிபதி கோடை விடுமுறைக்குச் சுற்றுலா போகிறார்.

படம் வந்த காலத்தில் நான் படித்த விமர்சனங்கள் இதை வர்க்க அங்கதம் என்றன. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஒயின் பாட்டில் வோராவைக் கேலி செய்ய வைத்தது என்று. தங்கையோடு பார்த்தபோது வேறொன்று தோன்றியது. காம்ப்ளே மாதிரி ஓர் ஏழைக்காகத் தேதி தேதியாக வந்து நிற்க ஒருவரால் முடிகிறது என்றால், அவர் வீட்டில் அந்த ஒயினுக்கும் காசு இருக்க வேண்டும். அது கேலி இல்லை, கணக்கு. இந்தத் தொழிலில் முதலில் வேண்டியது பேச்சோ அறிவோ இல்லை, காத்திருக்கும் வசதி.

நம் சினிமா இந்தக் கணக்கை எப்போதும் மறைத்தே வந்திருக்கிறது. ‘பராசக்தி’ (1952) முதல் நம்முடைய கோர்ட் என்பது வசனம் பேசும் மேடை. ‘விதி’ (1984) படத்தின் கோர்ட் வசனங்கள் கேசட்டாக விற்றன. கல்யாண வீடுகளில் பாட்டுக்குப் பதில் அதைப் போடுவார்கள் என்று அப்பா சொல்வார். சுஜாதா குறுக்கு விசாரணை செய்ய, ஊரே பந்தியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்த அப்பா, பிறகு எங்கள் பாகப்பிரிவினை வழக்குக்காகப் பதினோரு வருடம் முன்சீப் கோர்ட் வேப்பமரத்தடியில் நின்றார். ஒருமுறைகூட யாரும் வசனம் பேசவில்லை என்பதில் அவருக்கு ரொம்ப வருத்தம். “என்னடா, வக்கீல் எந்திரிச்சாரு, ஏதோ மொனங்குனாரு, உக்காந்துட்டாரு. அடுத்த வாய்தாங்கான்.”

‘ஜெய் பீம்’ (2021) இந்த வரிசையில் ஆக நேர்மையான படம். 1993இல் நடந்த உண்மைச் சம்பவம், ஆட்கொணர்வு மனு, காவல் வதை. அதில் பொய் உணர்ச்சி குறைவு. ஆனாலும் அங்கே சந்துரு ஒற்றை ஆள். அவரே ஓடுகிறார், அவரே துப்புத் துலக்குகிறார், அவரே வாதாடுகிறார். நிஜ சந்துரு சட்டம் முடித்தபின், ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்திய ‘ரோ அண்ட் ரெட்டி’ அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த அலுவலகம் படத்தில் இல்லை. ஒரு வக்கீலை ஏழைகளின் வக்கீலாக ஆக்கிய இடத்தை வெட்டிவிட்டால், மிச்சமிருப்பது கதாநாயகன்தான். அவனைப் பார்த்து ஆயிரம் பிள்ளைகள் சட்டக் கல்லூரியில் சேரலாம். சேர்ந்தபின் எங்கே போய் உட்காருவது என்று படம் சொல்லாது.

கல்லூரி சொல்கிறதா? பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. மாதிரி நீதிமன்றத் தாளில் மாணவர் மூன்று மாதிரி வழக்குகளில் வாதாட வேண்டும். நிஜக் கோர்ட்டுக்குப் போய் ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு விசாரணைகளைக் கவனித்துப் பதிவு எழுத வேண்டும். இரண்டுக்கும் தலா 30 மதிப்பெண். தாளில் பார்த்தால் அழகு. தங்கை கல்லூரியில் சீனியர் எழுதின ரெக்கார்ட் நோட்டை ஜூனியர் பார்த்து எழுதுவது வழக்கம். ஒரே கொலை வழக்கு ஆறு வருடமாக அந்தக் கல்லூரியில் நடந்துகொண்டிருந்ததாம், சாட்சிகளுக்கு வயதே ஆகவில்லை. நான் பொறியியலில் எல்லா லேப் ரெக்கார்டையும் அப்படித்தான் எழுதினேன், அதனால் எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் என் கவனக்குறைவால் ஒரு செயலி நின்றுபோகும், மறுநாள் சரிசெய்வேன். எதிர்வாதவுரையைத் தவணைக்குள் போடாமல் விட்டால் ஒருவர் நிலம் போய்விடும்.

ஒரு விசாரணையை முழுதாகக் கவனிக்க வேண்டுமானால் பல மாதங்கள் கோர்ட்டுக்குப் போய்வர வேண்டும். அதற்குக் கோர்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு பிடிக்காவிட்டால் எழுந்து போய் நிஜ வழக்கைப் பார்க்கலாம். கட் அடித்தாலும் கல்வி. 2008 நவம்பரில் அங்கே மாணவர்களுக்குள் நடந்த சாதி மோதலுக்குப்பின் அமைந்த விசாரணை ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018இல் மாற்றிவிட்டார்கள், பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும். அந்த மோதலின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யாரும் ‘ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் சாதிப் பிரச்சினைக்குத் தீர்வாகக் கோர்ட்டிலிருந்து பேருந்தில் மணிக்கணக்கான தூரத்தைக் கொடுத்தது, நோயாளியை விட்டுவிட்டுக் கட்டிலை இடம் மாற்றியதுபோல் இருக்கிறது. அங்கே படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த நடைதூரம்தான் இருந்த ஒரே சொத்து. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கோர்ட் இருக்கிறது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மென்பொருள் துறையிலும் ‘பெஞ்ச்’ உண்டு. புராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெயர். வேலையில் சேர்ந்ததும் நான்கு மாதம் பெஞ்சில் இருந்தேன். காபி, டேபிள் டென்னிஸ், மாதக் கடைசியில் சம்பளம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன். தங்கை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் சீனியர் மாதம் 2,000 ரூபாய் கொடுத்தார், “பஸ்ஸுக்கு வச்சுக்கம்மா” என்று. சில மாதம் அதுவும் மறந்துவிடும். கேட்கக் கூடாது. கேட்டால் ‘தொழில் கத்துக்க வந்தியா, காசுக்கு வந்தியா?’

காலை பத்தரைக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். சீனியர் மாவட்ட நீதிமன்றத்தில் இருப்பார். இவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, “சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க, பாஸ் ஓவர் வேணும்” என்பாள். மதியம் மறுபடி கூப்பிடும்போது வாய்தா கேட்பாள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாதியின் வழக்கு தள்ளுபடியாகும், பிரதிவாதியாக இருந்தால் எக்ஸ்பார்ட்டி. ஒரு வரி சொல்ல ஒரு பகல்.

அந்தப் பகலை வீண் என்றும் சொல்ல முடியவில்லை. ஒருநாள் யாரோ ஒரு வயதான வக்கீல் நில வழக்கில் குறுக்கு விசாரணை செய்ததை அவள் சொன்னாள். நிலத்தைப் பல வருடமாகத் தானே உழுதுவருவதாகச் சொன்ன சாட்சியிடம் அவர் நான்குமால் மட்டும் கேட்டாராம். கிழக்கே யார் நிலம், மேற்கே என்ன இருக்கிறது என்று. வடக்கே வாய்க்கால் என்றார் சாட்சி. பத்திரத்தில் வாய்க்கால் தெற்கே. கிழவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். “அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டிருந்தா கெட்டிருக்கும்ணே. அந்தாளு சமாளிச்சிருப்பான். எங்க நிறுத்தணும்னு எந்தப் புக்குலயும் இல்ல.” செயற்கை நுண்ணறிவு வந்ததும் ஜூனியர்களுக்கு வேலையில்லை என்று என் துறை நண்பர்கள் பேசுவது உண்டு. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் போட்டு 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தீர்ப்பு தேடுவதுதான் ஜூனியர் வேலை என்று நினைப்பவர்கள் அந்தக் கிழவர் உட்கார்ந்ததைப் பார்த்ததில்லை.

பிரச்சினை, அந்தப் பகலுக்கு யார் காசு கொடுப்பது என்பது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அதுவரை பல மாநிலங்களில் 15,000இலிருந்து 42,000வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் இருந்த வசூல் நின்றது, நல்லது. உதவித்தொகை உத்தரவு தங்கையின் சீனியர் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. அவரையும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. கட்சிக்காரர் அறுப்பு முடிந்து தரும் ஃபீஸில் அவர் குமாஸ்தாவுக்கே சம்பளம் பாக்கி. அந்த ஊரில் 15,000 என்பது பல சீனியர்களுக்கே மாத வருமானம்.

இதற்கு மேல் 2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம். 2002இல் எடுக்கப்பட்ட நிபந்தனை திரும்பி வந்திருக்கிறது. தங்கை இதை ஆதரிக்கிறாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோர்ட்டில் நிற்காதவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் வாய்தா கேட்பவளின் கால் வலி தெரியாதாம். சரிதான். நானும் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளம் இல்லாத மூன்று வருடத்தைக் கட்டாயமாக்கினால், அந்த மூன்று வருடத்தை வாங்க முடிந்தவர்களே நீதிபதி ஆவார்கள். பெண் என்றால் இன்னொரு கடிகாரமும் ஓடும். சித்தி வீட்டில் ஜாதகம் வெளியே போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வருகிற மாப்பிள்ளை வீடெல்லாம் ஒரே கேள்வி: “பொண்ணு எவ்வளவு சம்பாதிக்குது?”

‘கோர்ட்’டின் மீது என் குறை இங்கேதான். நீதிபதி, இரண்டு வக்கீல்கள் என மூன்று பேரையும் வீடுவரை பின்தொடர்ந்த அந்தக் கேமரா, பின்னால் நிற்பவர்களில் ஒருவரைக்கூடப் பின்தொடரவில்லை. நூதனுக்கு அரசுச் சம்பளம், வோராவுக்குக் குடும்பம். இரண்டும் இல்லாத ஒரு வக்கீல் சாயங்காலம் எந்தப் பேருந்தில் ஏறுகிறார் என்பதைத் தம்ஹானேயும் காட்டவில்லை. இருந்தாலும், நின்றுகொண்டிருப்பவர்களைச் சட்டகத்துக்குள் விட்டுவைத்த அளவுக்காவது அவர் நேர்மையானவர். ‘விதி’யில் அந்த இடத்தில் கைத்தட்டுபவர்கள் இருப்பார்கள்.

நீதிமன்றம் கோடை விடுமுறைக்கு மூடப்படும்போது படத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. திரை நெடுநேரம் இருட்டாகவே இருக்கும். படம் முடிந்ததென்று நினைத்து நான் மடிக்கணினியை மூடப் போனேன். “இருங்கண்ணே, லீவுதான் விட்டிருக்கு” என்றாள். பிறகு தன் போனை எடுத்து இ-கோர்ட்ஸ் செயலியில் எங்கள் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அப்பா இறந்தபின் வாரிசாக என்னைச் சேர்க்கும் மனு நிலுவையில் இருக்கிறது. அடுத்த தேதி வியாழக்கிழமை. “நீங்க வர வேண்டாம், நான் நின்னுக்கிறேன்” என்றாள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.