பூட்டுப் பிடியில் திரும்பிய ஆட்டம்

அயல்நாட்டில் பொங்கல் கபடி என்றால் பெரும்பாலும் என்ன நடக்கும்? மதியச் சாப்பாடு, உறியடி, கோலப்போட்டி. இடையில் வேட்டியை மடித்துக் கட்டிப் பத்து நிமிடம் சடுகுடு. நாலு படம் எடுத்ததும் கலைந்துவிடுவோம். இங்கிலாந்தில் நான் படிக்கும் ஊரின் தமிழ் மாணவர்கள் இந்த முறை அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆடினால் முழு ஆட்டம், இல்லையென்றால் வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கொண்டாடுவது விளையாட்டை என்றால், அதற்குரிய விதிகளோடும் வேகத்தோடும்தான் கொண்டாட வேண்டும்.

ஜனவரியில் புல்தரை உறைந்து கல்லாகக் கிடக்கும். அதனால் உள்ளரங்கை வாடகைக்கு எடுத்தோம். ஜூடோ கிளப்பில் மெத்தை விரிப்புகளை இரவல் வாங்கி, 13-க்கு 10 மீட்டர் அளந்து நாடா ஒட்டினோம். பாதிக்கு 20 நிமிடம். எதிரணியில் ரக்பி வீரர்களும் ஜூடோ வீரர்களும் கலந்து எழுவர். இரண்டு வாரம் எங்களோடு பயிற்சி எடுத்தவர்கள்.

முதல் பாதி முழுக்க நம் பக்கம்தான். காரணம் எளிது. ரக்பியில் ஓடிவந்து மோதிச் சாய்ப்பார்கள்; கபடியில் பிடிப்பவர் காத்திருக்க வேண்டும். ரைடர் எடையைப் பின்காலுக்கு மாற்றும் அந்த ஒரு நொடிக்காக நிற்க வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டு பாய்ந்தார்கள். சாய்க்கவும் செய்தார்கள், ஆனால் நடுக்கோட்டை நோக்கியே சாய்த்தார்கள். திண்டுக்கல் தம்பி ஒருவர் மூன்று பேர் மேலே கிடக்க, குப்புற விழுந்த நிலையில் வலது கையை மட்டும் உருவி நீட்டினார். நடுவிரல் நுனி நாடாவைத் தொட்டது. மேலே கிடந்த மூவரும் அவுட். "அவரைத்தான் பிடித்துவிட்டோமே!" என்று அவர்கள் நடுவரிடம் முறையிட்டபோது அரங்கில் எழுந்த விசிலுக்கு எந்த ஊர் மின்னொளிக் கபடியும் ஈடாகாது. அடுத்த ரைடிலேயே எதிரணி முழுக்க அவுட்டாகி லோனா விழுந்தது.

இடைவேளைக்குப் பின் ஆட்டத்தைத் திருப்பியவர் இடது கார்னரில் நின்ற ஜூடோ வீரர். மோதுவதை விட்டுவிட்டுக் கணுக்காலைப் பூட்டத் தொடங்கினார். பிடித்த காலைத் தூக்கித் தன் பக்கம் இழுத்தார். ரைடரின் முகம் கோட்டுக்கு எதிர்த்திசையில் திரும்பியது. அதன்பின் கை நீட்டி என்ன பயன்? மூன்று பேர் மட்டுமே மீந்திருந்த நிலையில் இரண்டு முறை சூப்பர் டேக்கிள் செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு புள்ளி பறித்தார்கள். நம் ரைடர்களோ போனஸ் ஆசையை விடவில்லை. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. மூவர் நிற்கும்போதும் கால் பழக்கத்தில் போனஸ் கோட்டுக்கே போனது. அங்கே கார்னர் காத்திருந்தார். கடைசியில் நாம் ஜெயித்தாலும், நூலிழையில்தான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. 1990 பெய்ஜிங் தொடங்கி 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டிலும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் லீக் ஆட்டத்தில் தென்கொரியா இந்தியாவை 24-23 என வென்றது. அரையிறுதியில் இரான் 27-18 என வெளியேற்றியது. ஒன்று ஜூடோ ஊறிய நாடு, மற்றொன்று மல்யுத்த மண். புரோ கபடி ரசிகர்கள் கொண்டாடும் ஜாங் குன் லீ, பூசானில் கல்லூரிக் காலத்தில் கபடி பழகியவர். 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் நடந்த உலகக் கோப்பையின் ஆண்கள் இறுதியில் இந்தியா 44, இங்கிலாந்து 41. வெறும் மூன்று புள்ளி!

ஆண்கள் ஆட்டத்தைவிட எனக்கு நிறைவு தந்தது பெண்கள் ஆட்டம். 12-க்கு 8 மீட்டர் களம், பாதிக்கு 15 நிமிடம். ஆடிய தமிழ்ப் பெண்களில் பலர் ஊரில் பொங்கல் கபடியைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். களத்தில் இறங்கியது இங்கேதான். பஹ்ரைனில் 2025 ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவின் ரைடுகளைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கால் வைத்துப் பழகினார்கள். பாட்டு விடாமல் போய் வரும் மூச்சு ஆண்களைவிட இவர்களுக்கே நன்றாகக் கைகூடியது. தஞ்சாவூர்ப் பெண் ஒருவர் இரண்டு கவர்களுக்கு நடுவே குனிந்து நழுவி வந்தார், தரையில் கை ஊன்றாமல். அன்றைய நாளின் சிறந்த ரைடு அதுவே.

அடுத்த ஆண்டு தமிழர் அணி, உள்ளூர் அணி என்று பிரிக்கப் போவதில்லை. அணிகளைக் கலந்து ஆடப் போகிறோம். அந்த ஜூடோ வீரருக்கு இப்போதே போட்டி; எல்லா அணித் தலைவர்களும் தங்கள் இடது கார்னருக்கு அவரைத்தான் கேட்கிறார்கள்.