நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் திருநாளைப்போவார் புராணமும்

தில்லைக் கூத்தப்பெருமானைப் பொருளாகக் கொண்டு தமிழிற் கீர்த்தனம் பாடினார் வரிசை நெடியது. சீகாழி முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் அவ்வரிசையின் முன்னோர். அவர்க்குப் பின் 19ஆம் நூற்றாண்டில் வந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையோ கற்றார் அவையிலும் எளியார் இல்லங்களிலும் ஒருங்கே சென்று பரவியது. அதன் பயனாகத் திருநாளைப்போவார் என்றவுடன் பலர் உள்ளத்தில் தோன்றுவார் சேக்கிழார் சுவாமிகள் காட்டிய நாயனாரல்லர். பாரதியார் காட்டிய நந்தனாரே ஆவர். திருமுறையுட் கூறிய அடியார் வரலாற்றைப் பிற்காலத்து இசைப்பாட்டு இவ்வாறு மூடிக்கொள்ளுதல் தகுமோ என்பது சைவர் பலர் எழுப்பும் வினா. அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

புராணம் கூறுவது யாது? மேற்காநாட்டு ஆதனூரிற் புலைப்பாடியிலே தோன்றிய நந்தனார், தம் தொழிலுக்கென ஊரார் விட்ட நிலத்தின் விளைவை உண்டு வாழ்ந்தவர். கோயில்தோறும் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவியவர். அவர்மேல் ஆண்டை என ஒருவன் இருந்ததாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். தில்லைக்குச் செல்ல வேண்டுமென்னும் வேட்கை எழுந்த இரவெல்லாம் கண்துயிலாதவர், விடிந்தபின் தம் குலநிலையை எண்ணித் தாமே ஒழிந்து, 'நாளைப் போவேன்' என்றார். பல நாள் இங்ஙனம் கழிந்தமையின் அதுவே திருப்பெயராயிற்று. தடை சொல்வார் ஒருவரும் அங்கு இல்லை. வேட்கையும் தயக்கமும் ஒரே நெஞ்சினுள் நின்று பொருகின்றன.

பாரதியார் இதனை மாற்றினார். நாயனார் வேதியர் ஒருவரிடம் பண்ணையாளாயினார். தில்லைக்குப் போக விடை வேண்டினார், மறுக்கப்பட்டார், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தாற் போகலாம் என்றொரு நிபந்தனையும் பெற்றார். இறைவன் அருளால் ஓரிரவிற் பயிர் விளைந்தது. வேதியர் அடிமையின் அடியில் வீழ்ந்தார். நாடக அமைப்பென்னும் அளவில் இஃது ஆற்றல் மிக்கதே. எதிர்நிற்பான் ஒருவனின்றிக் கதாகாலட்சேபம் பல இரவு நடைபெறாது.

ஆயினும் இம்மாற்றத்தால் 'நாளை' என்னும் சொல் தன் பொருளை இழந்தது. சித்தாந்த நோக்கில் அச்சொல்லே வரலாற்றின் உயிர். மலம் பரிபாகமுற, அதற்கேற்பச் சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரமென மேன்மேலும் பதியும். நாளைப் போவேன் என்று கழிந்த நாள்கள் வறிதே கழிந்தனவல்ல. அன்பு முற்றுதற்கு வேண்டிய காலம் அவை. பாரதியார் கதையில் நாளை என்பது ஒரு மனிதன் தரவேண்டிய விடையின் தவணையாகச் சுருங்கிவிட்டது. கதையளவில் நோக்குவார்க்கு இது பெரிய இழப்பேயாம்.

அற்றேல், வேதியர் என்னும் பாத்திரம் வெறும் புனைவுதானோ எனின், அதுவும் அன்று. புராணத்திலும் நாயனார் திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்றார். தில்லையில் எல்லையைச் சுற்றி வலம் வந்தாரன்றி உட்புகுந்திலர். புறத்தடை அங்கும் உண்டு. அதற்கு வாய்மட்டும் இல்லை. பாரதியார் அதற்கு வாய் தந்தார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அந்தணராகிய அவர், பண்ணையாட்கள் பட்ட பாட்டைத் தஞ்சை நாட்டு வயல்களிற் கண்ணாரக் கண்டவர். கண்டதை மறைத்துப் பாட அவர் மனம் ஒருப்படவில்லை போலும். அந்தணர் குலத்தை இழித்துரைத்தார் என்று அவர்மேல் எழும் குற்றச்சாட்டைவிட, நாயனார் தயக்கத்தின் ஆழத்தைக் குறைத்தார் என்னும் குற்றச்சாட்டே வலியுடையது.

இனிக் கதையை விடுத்துக் கீர்த்தனைகளைத் தனியே கேட்பார்க்கு வியப்பொன்று புலப்படும். சிறந்த பாட்டுக்களில் வேதியரைக் காணோம்! திருப்புன்கூர்ச் சந்நிதியில் நந்தி மறைத்திருப்பதை எண்ணி நாயனார் வருந்தும் நாட்டைக்குறிஞ்சிக் கீர்த்தனையிலும், இறைவனே நந்தியைச் சற்று விலகச் சொல்லும் பூர்விகல்யாணிக் கீர்த்தனையிலும் மனிதப் பகைவன் எவனும் இல்லை. நந்தி பசுவைக் குறிக்கும் என்பர் சைவர். மறைப்பதும் அவன் ஏவலாள். விலக்குவதும் அவன் ஆணை. கதையினாற் புறத்தே சென்ற தடை இசையினால் மீண்டும் அகத்தே வந்து சேர்கின்றது. நாட்டைக்குறிஞ்சியின் ஏக்கத்தைக் கேட்டபின் உடனே பூர்விகல்யாணியைக் கேட்பவர், வேண்டுவார் குரலுக்கும் அருள்வார் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்பொருள் ஆராயாமலே உணர்வர்.

இவையனைத்தினும் மேலாக வைத்தற்குரியது மாஞ்சி இராகத்தமைந்த 'வருகலாமோ' என்பது. மாஞ்சி பைரவியோடு பெரிதும் ஒத்தது. ஆயின் பைரவியின் பெருமிதமும் விரிவும் அதற்கில்லை. விரைவுச் சங்கதிகளைத் தாங்காது, தயங்கித் தயங்கி நடப்பது. எல்லையில் நிற்பார் ஒருவர் உள்ளே வரலாமோ என்று கேட்கும் கேள்விக்கு அதனினும் பொருத்தமான இராகம் பிறிதொன்று அமைதல் அரிது. கேட்கப்படுபவன் ஆண்டையல்லன், ஐயன். சேக்கிழார் பாடிய அத்தயக்கத்தைப் பாரதியார் கதையில் இழந்து, இப்பாட்டில் முழுதும் மீட்டுக்கொண்டார். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வருமளவும் இக்கேள்வி பல்லாயிரவர்க்குப் பாட்டின் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை என்பதும் நினைத்தற்குரியது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருதற்கு நெடுநாள் இசையவில்லை. இலக்கண வழுக்கள் அவர் செவியை உறுத்தின. பாரதியார் பன்முறை வந்து, ஒருநாள் காத்திருந்த பொழுதிற் பாடிய பாட்டைக் கேட்டே அவர் மனம் நெகிழ்ந்து பாயிரம் தந்தார் என்பதை அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பிள்ளையவர்கள் ஏட்டிற் கண்ட குற்றம் பொய்யன்று. செவியிற் கேட்ட அன்பும் பொய்யன்று. நூலை மதிப்பிடுவார் இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்தல் முறையாகாது.

கதை பின்னர்த் திரைக்கும் சென்றது. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942இல் வந்த 'நந்தனார்' படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நாயனாராயினார். தேவாரப் பண்ணிற் பயின்ற குரல் அது. சொல் சிதையாது நின்றமைக்கு அப்பயிற்சியே காரணம்.

கச்சேரி மேடையிலோ இப்பாட்டுக்களுக்கு நெடுங்காலம் கிடைத்த இடம் இறுதித் துக்கடா என்பது மட்டுமே. 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் முயற்சியால் அந்நிலை ஓரளவு மாறிற்று. எனினும் பல்லவியையும் அனுபல்லவியையும் பாடிச் சரணத்தை விட்டுவிடும் வழக்கம் உண்டு. 'வருகலாமோ' என்பதில் அங்ஙனம் செய்தல் நாயனாரை வாயிலில் நிறுத்திவைத்துப் பாடகர் எழுந்து போவதனை ஒக்கும். இரைச்சலின்றி, தம்புராவின் சுருதி தெளிவாகக் கேட்க, மிச்ரசாபுவின் நடையை முடுக்காமற் சரணம்வரை பாடுவாரிடத்திலேயே அது கேட்கத்தக்கது.