வென்னின் இயந்திரமும் பந்துவீச்சாளரின் கையும்

1909 ஜூனில் ஆஸ்திரேலிய அணி கேம்பிரிட்ஜுக்கு வந்திருந்தது. மான்டி நோபிள் தலைமை. விக்டர் டிரம்பர், வார்விக் ஆர்ம்ஸ்ட்ராங், வாரன் பார்ட்ஸ்லி என்று பேர்பெற்ற பேட்ஸ்மேன்கள். அந்தக் கோடையில் இங்கிலாந்து மண்ணிலேயே ஆஷஸை 2-1 என்று தக்கவைத்த அணி அது. அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை அங்கே நான்கு முறை க்ளீன் போல்டு ஆக்கியது ஒரு மர இயந்திரம்.

அதைச் செய்தவருக்கு அப்போது வயது 74. பயிற்சியாளர் இல்லை, விளையாட்டுச் சாமான் வியாபாரியும் இல்லை, தர்க்கவியல் அறிஞர். பள்ளியில் கணங்கள் பாடத்துக்கு வட்டங்களை வெட்டவிட்டு வரைந்தோமே, அந்த வென்படத்துக்குச் சொந்தக்காரரான ஜான் வென்தான். மகன் ஜான் ஆர்ச்சிபால்டுடன் சேர்ந்து அதே ஆண்டில் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார்.

பந்து எறியும் கருவி அன்றைக்குப் புதிதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கென்ட் அணிக்கு ஆடிய பள்ளி ஆசிரியர் நிக்கோலஸ் ஃபீலிக்ஸ் ‘கேடபல்டா’ என்ற ஒன்றைச் செய்திருந்தார். வென்னின் பெருமை, பந்தைச் சுழலவைத்து எறிந்ததில் இருக்கிறது. வலையில் வேகத்தைச் சமாளிக்கப் பழகிய மட்டையிடம், பிட்ச் ஆனபின் திரும்பும் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆனால் அந்த நான்கு போல்டுகளை இயந்திரத்தின் வெற்றியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. சுழற்பந்தை நல்ல பேட்ஸ்மேன் கையிலேயே படித்துவிடுகிறார். மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது, விரல் பந்தின் மேலே வருகிறதா, பக்கவாட்டில் வருகிறதா என்பதெல்லாம் பந்து விடுபடும் முன்பே அவருக்குச் செய்தி. லெக்பிரேக் போலக் காட்டி எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தான கூக்ளியை இங்கிலாந்தின் போசன்கெட் கொண்டுவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், கையைப் படிக்கும் வித்தையைத்தான் உலகமே கற்றுக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு மணிக்கட்டு கிடையாது. எதிரே நின்றவருக்குப் பிட்ச் ஆனபிறகுதான் தகவல் வந்திருக்கும். அதற்குள் காலம் கடந்துவிடும். இயந்திரத்தின் பலமும் பலவீனமும் அங்கே ஒரே இடத்தில் தெரிகின்றன என்பதே என் கணிப்பு.

இன்றைய இரட்டைச் சக்கர இயந்திரங்களுக்கும் இதே குறை. இரண்டு ரப்பர் சக்கரங்களின் வேகத்தை ஏற்றி இறக்கி, சாய்வை மாற்றினால் ஸ்விங், ஸ்பின், யார்க்கர் எதுவும் கிடைக்கும். ஒரே லெங்த்தில் நூறு பந்து வேண்டுமா, சலிக்காமல் தரும். கவர் டிரைவைத் திருத்திக்கொண்டிருக்கும் சிறுவனுக்கு அது வரம். ஆனால் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு ஏறக்குறைய அரை விநாடிதான் அவகாசம். அந்த அரை விநாடி தொடங்குவதற்கு முன்பே, ஓட்டத்திலும் தோளிலும் கையிலும் பாதி விஷயம் சொல்லப்பட்டுவிடுகிறது. இயன் ரென்ஷா, ராஸ் பிண்டர் போன்ற ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். பந்துவீச்சாளரை எதிர்கொள்ளும்போதும் இயந்திரத்தை எதிர்கொள்ளும்போதும், மட்டையைப் பின்னால் தூக்கும் நேரமும் முன்கால் நகரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. அப்படியானால் இயந்திரத்திடம் மணிக்கணக்கில் ஆடும் பையன், போட்டியில் தேவைப்படாத ஒரு தாளத்தையும் சேர்த்துத்தான் பழகுகிறான்.

இந்த இடத்தில்தான் சைடுஆர்ம் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. நீண்ட பிடி, நுனியில் பந்து உட்காரும் கிண்ணம். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் எறிபவர் நாலு எட்டு ஓடி வருகிறார், தோள் திரும்புகிறது, கை மேலே எழுகிறது. அசல் தோல் பந்து, தையலோடு வருகிறது. இந்திய அணியில் ராகவேந்திரா இதைக் கொண்டு எறிந்த பந்துகள்தான் வேகப்பந்தை ஆடும் திறனை வளர்த்தன என்று விராட் கோலியே வெளிப்படையாகச் சொன்னார். இடக்கை வேகத்துக்குப் பழக, இலங்கையின் நுவன் செனவிரத்னவும் அணியோடு பயணம் செய்திருக்கிறார். வலது கை, இடது கை என்ற வித்தியாசத்துக்காகத் தனி ஆள் வைக்கும் அளவுக்குக் கை முக்கியம் என்பதை அணி நிர்வாகம் புரிந்துகொண்டிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பொறியியல் துறையினர் 2024இல் வென்னின் இயந்திரத்தை மறுபடி செய்து ஓடவிட்டார்கள். நூறாண்டு தாண்டியும் அது பந்தைச் சுழற்றுகிறது. அந்த முதியவர் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையில், தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை அவர் முடித்துக் காட்டினார். நம் ஊரிலும் பட்டறையிலும் மொட்டைமாடியிலும் இப்படி முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக் கருவி ஒன்றைச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எவரிடமும், அது எத்தனை கி.மீ. வேகத்தில் எறியும் என்று நான் முதலில் கேட்கமாட்டேன். பந்து விடுபடும் முன் பேட்டரின் கண்ணுக்கு அது எதைக் காட்டுகிறது என்றுதான் கேட்பேன்.