குற்றவியல் கற்பிக்க யார் வரலாம்? ஒரு வேலை விளம்பரத்தை முன்வைத்து

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ஆசிரியர் பணி விளம்பரங்களை நாம் விண்ணப்பம் போடுவதற்காகப் படிக்கிறோம், விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. கவிதைத் தொகுப்புக்கும் நாவலுக்கும் பக்கம் ஒதுக்குகிற நாம் இந்தப் பிரதியையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். யார் பேசலாம், யாரைப் பற்றிப் பேசலாம் என்பதை எந்த நாவலைவிடவும் கறாராகத் தீர்மானிக்கிற எழுத்து அது. குற்றவியல், சமூகவியல் இரண்டும் சேர்ந்த துறைக்கு உதவிப் பேராசிரியர் தேவை என்று வந்த ஒரு விளம்பரத்தை வைத்து இதைச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. பெயரை மாற்றிப் போட்டால் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

முதுகலையில் 55 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 50, நெட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம். இதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. 'சம்பந்தப்பட்ட அல்லது தொடர்புடைய பாடம்' என்ற இடத்தில்தான் சூட்சுமம். நெட் தேர்வில் குற்றவியலுக்கு ஒரு தாள், சமூகவியலுக்கு வேறொரு தாள். இரண்டும் ஒரே துறை என்று விளம்பரம் சொல்லும். தொடர்பு இருக்கா இல்லையா என்பதை ஆள் வந்து உட்கார்ந்த பிறகு குழு சொல்லும். வேண்டியவர் என்றால் உளவியலும் தொடர்புடைய பாடமாகிவிடும். நம்ம ஆள் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கி ஆய்வு செய்திருந்தாலும் 'இது சாதியைப் பத்தின ஆய்வாச்சே' என்பார்கள்.

என்னிடம் நேராகவே கேட்டார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பாட நிபுணர் ஆய்வேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உங்க தீசிஸ்ல குற்றம் எங்க இருக்கு? எல்லாம் ஊரு, சேரின்னே போகுதே?" என்றார்.

"சேரியக் கொளுத்துனது குற்றம்தானே சார்" என்றேன்.

பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது சோஷியல் பிராப்ளம்ப்பா" என்றார். ஏழெட்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அது பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடம். நாலு பேர் போயிருந்தோம், நாலு பேருமே முனைவர் பட்டம் வாங்கியவர்கள். 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இப்படி எழுத விதியே வழிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைப்படி மதிப்பெண், நெட், வெளியீடுகள் எல்லாம் நேர்முகத்துக்கு அழைக்கிற பட்டியலோடு சரி. தேர்வு முழுக்க நேர்முகத்தில்தான். அதாவது எழுத்தில் இருக்கிற தகுதியை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்ன தெரு நமக்குத் தெரியாததா?

இடம் நம் பேருக்கு வந்தால்தானே இந்த அவமானம்கூட. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதையும் அல்ல, தனித்தனித் துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் மானியக் குழு அதை உத்தரவாக்கியது. பதின்மூன்று புள்ளி ரோஸ்டரில் நான்காவது நியமனம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது நமக்கு, பதினான்காவது பழங்குடிக்கு. குற்றவியல் பெரும்பாலும் சின்னத் துறை. இரண்டே இடம், ஒவ்வொருவரும் முப்பது வருஷம் இருப்பார் என்று வையுங்கள். நம்ம முறை வர 90 வருஷம், பழங்குடிக்கு 180. தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2019இல் சட்டம் போட்டு மறுபடியும் நிறுவனத்தையே அலகாக்கினார்கள். அதுவும் மத்திய நிறுவனங்களுக்கு மட்டும்.

நாலு பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்ற புலம்பலாக இதை வாசிக்கக் கூடாது. இந்தத் துறை எதைக் குற்றம் என்கிறது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிப் பதிவேடு போட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். (ரேகை வைக்க மறுத்தவர்களின் வாரிசுகள் சில இடங்களில் நம்மை என்ன பாடுபடுத்துகிறார்கள் என்பது தனிக் கணக்கு, அதையும் எழுதத்தான் வேண்டும்.) மண்டை ஓட்டை அளந்து பிறவிக் குற்றவாளியைத் தேடிய லொம்ப்ரோசோவின் நூல் 1876இல் வந்தது. அவரை எல்லா வகுப்பிலும் நடத்துகிறார்கள். பெருங்காமநல்லூரை நடத்துவதில்லை.

சதர்லேண்டையும் நடத்துகிறார்கள். ஏழைகளையே குற்றவாளியாகப் பார்த்த குற்றவியலை 1939இல் கேள்வி கேட்டவர். கோட்டு போட்ட கனவான்களின் குற்றத்துக்குப் பெயர் வைத்தவர். மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில், 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. சதர்லேண்டுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த மண்ணில் எது? இரண்டையும் சேர்த்து ஒரே மணி நேரத்தில் நடத்துகிற ஆசிரியரைத்தான் 'சோஷியல் பிராப்ளம்' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சிறைக்குக் களப்பயணம் போகாத குற்றவியல் மாணவர் உண்டா? பாளையங்கோட்டையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்தது ஊரறிந்த விஷயம். சிறைக்குள் கூட்டுவது ஒரு சாதி, சமைப்பது ஒரு சாதி என்று விதிநூலே சொன்னதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் சுகன்யா சாந்தா, ஒரு பத்திரிகையாளர். எந்தக் குற்றவியல் துறையும் அல்ல. வருஷா வருஷம் பேருந்து வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே எதைத்தான் பார்த்தார்கள்?

'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் குழுவில் யார் யார் இருந்தார்கள், விண்ணப்பித்தவர்களுக்கு நேர்முகத்தில் எத்தனை மதிப்பெண், எந்தக் காரணம் பதிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் இருந்தால் குழுவில் அப்பிரிவுகளின் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று அதே 2018 விதிமுறை சொல்கிறது. அவர் என்ன கையெழுத்துப் போட்டார் என்பதையும் கேளுங்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.