சின்ன சிங்கப்பூரில் எங்கே உட்காருவது?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போகிறவர்களுக்காக "எங்கே சாப்பிடலாம், எங்கே டீ குடிக்கலாம், சாயங்காலம் எங்கே நேரம் போக்கலாம்" என்று எழுதப்படும் பட்டியல்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்துப் படிக்கிறேன். வீடியோக்களும் அதில் அடக்கம். பெரும்பாலும் ஒரே அச்சு. கும்பகோணத்தில் பித்தளை டபராவில் காபி, ஏதோ ஒரு மெஸ்ஸில் வாழையிலைச் சாப்பாடு, ராத்திரி கல்லின் மேல் கொத்து பரோட்டா சத்தம், கடைசியில் ஒரு அல்வா. தப்பில்லை, எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குப் போனால் அது படுத்துவிடுகிறது. அது ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஊர் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. சரஸ்வதி கோயில் இருப்பது கூத்தனூர். அது பூந்தோட்டம் பக்கம். நான் சொல்வது மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கிற கூத்தாநல்லூர். பஸ்ஸில் வந்தால் லெட்சுமாங்குடி என்று சொல்லி இறங்குவார்கள். ரயிலில் வந்தால் கொரடாச்சேரியில் இறங்கி வரவேண்டும். ஒரு நகராட்சி, சுமார் 25,000 பேர், முஸ்லிம்கள் நிறைய. பக்கத்திலேயே பொதக்குடி, அத்திக்கடை. சுற்றிலும் வயல். இந்த ஊருக்கு "சின்ன சிங்கப்பூர்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆம்பளைகள் சிங்கப்பூர், மலேயா என்று கப்பலேறிய ஊர். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்தக் கடலில் ஓடியது. டெல்டாக்காரர்கள் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினார்கள். பிறகு வளைகுடா வந்தது. கோடாலித் தைலம், மைலோ டப்பா, வழவழப்பான தரைக்கல், மாடிவீடு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

சாப்பாட்டுக்கு வருவோம். கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய கூத்தாநல்லூர் ருசி என்றால் முதலில் தம்ரூட். ரவை, பால், சர்க்கரை, நெய், முட்டை. மேலும் கீழும் நெருப்பு வைத்து வேகவைப்பது பழைய முறை. பேரில் இருக்கிற "தம்" அதுதான். "ரூட்" என்பது ரொட்டி வகையைக் குறிக்கும் "ரோட்" என்ற உருதுச் சொல்லின் திரிபு என்றுதான் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத்தில் முஹர்ரம் மாதத்தில் செய்கிற "தம் கா ரோட்" பிஸ்கட் மாதிரி இருக்கும். கர்நாடகத்தில் தம்ரூட் என்று கேட்டால் வெண்பூசணி அல்வா கொடுப்பார்கள். டெல்டாவுக்கு வந்தபோது அது முட்டையும் ரவையுமாகி, கேக்குக்கும் அல்வாவுக்கும் நடுவில் ஒரு பதத்தில் நின்றுவிட்டது. மேல்தோல் செம்பழுப்பாகக் கொஞ்சம் இழுக்க வேண்டும், உள்ளே மணல்மணலாக உதிர வேண்டும். நெய் கையில் ஒட்டாவிட்டால் அது கஞ்சத்தனமான தம்ரூட்.

பட்டியல்காரர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழியும் இல்லை. ஏனென்றால் இந்த ஊரின் உயர்ந்த சமையல் விற்பனைக்கு இல்லை. நெய்ச்சோறு, தாளிச்சா, வட்டலப்பம், தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம், கடல்பாசி இதெல்லாம் வீட்டிலும் கல்யாணத்திலும் இருக்கின்றன. பண்டாரி என்று சொல்லப்படுகிற கல்யாணச் சமையல்காரர் தேக்சாவைத் திறக்கிற அந்த ஒரு மதியத்துக்கு ஈடான ஓட்டல் டெல்டாவில் எனக்குத் தெரிந்து கிடையாது. அழைப்பிருந்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் இல்லை. "எங்கே சாப்பிடலாம்" என்ற கேள்விக்கு இங்கே நேர்மையான பதில், "யாரையாவது தெரியுமா?" என்ற எதிர்க்கேள்விதான்.

இது வரைக்கும் சுவாரசியமான செய்தி, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது அடுத்த பாதி. டீ குடிக்க, நேரம் போக்க, சும்மா உட்கார எங்கே போவது?

டீக்கடை என்று உடனே சொல்வோம். சரி. பாய்லர், கண்ணாடி கிளாஸ், மாஸ்டர் கையிலிருந்து இறங்குகிற நுரை, ஸ்ட்ராங்கா லைட்டா என்ற கேள்வி, பெஞ்சு, செய்தித்தாளின் ஒற்றை ஒற்றைப் பக்கமாகப் பிரிந்த கோலம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதிய புத்தகத்தில் "மூன்றாம் இடம்" என்று ஒன்றைச் சொன்னார். வீடு முதல் இடம், வேலைத்தலம் இரண்டாவது. இரண்டும் இல்லாமல், யாரும் யாரையும் கூப்பிடாமல், வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற காபிக்கடை, முடிதிருத்தும் கடை, மதுக்கடை எல்லாம் மூன்றாவது. ஊர் ஊராக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவர் வாதம். நம்மூர் டீக்கடையைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்.

ஆனால் ஒரு சாயங்காலம் லெட்சுமாங்குடிக் கடைத்தெருவில் நின்று பெஞ்சுகளில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர்? பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ரெண்டு பேர் ஓரமாக நின்றபடி டீ குடித்தால் உண்டு. உட்கார்ந்து பேசிக்கொண்டு? இது இந்த ஊரின் தனிக்குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். மதத்தின் மேல் போடவும் வேண்டாம். மன்னார்குடியில் நில்லுங்கள், நீடாமங்கலத்தில் நில்லுங்கள், இதே கணக்குதான் வரும். கூத்தாநல்லூரை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஆம்பளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில் என்கிற ஊர் இது. வங்கிக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, கொத்தனாரோடு மல்லுக்கட்டுவது, வைத்தியம், வழக்கு என்று ஊரை ஓட்டுகிறவர்கள் பெண்கள். ஊரை ஓட்டுகிறவர்களுக்கு ஊரில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை.

அவர்கள் கடைச் சாப்பாடு சாப்பிடுவதில்லையா? சாப்பிடுகிறார்கள். பார்சல். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் உணவு வரலாற்றை எழுதினால் "பார்சல்" என்ற சொல்லுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். பரோட்டா மாஸ்டர் வீசுகிற பரோட்டாவில் எவ்வளவு கடையிலேயே பிய்க்கப்படுகிறது, எவ்வளவு பொட்டலமாகி வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. இருந்தும் சுடச்சுட சால்னா பையில் ஊற்றி நூல் கட்டுவது ஒழியவில்லை. ஒழியாததற்கு விலை மட்டுமா காரணம்? அந்தப் பைக்குப் பின்னால், கடையில் வந்து உட்கார முடியாத ஒரு வாடிக்கையாளர் கூட்டம் வீட்டில் இருக்கிறது. சூடு ஆறின பரோட்டாவும் ஊறிப்போன சால்னாவும்தான் அவர்கள் பங்கு. ருசியைப் பற்றி மட்டும் பேசுகிற விமர்சகருக்கும் இது ஒரு பிரச்சினைதான். கல்லிலிருந்து எடுத்த மூன்றாவது நிமிஷத்தில் பரோட்டா ஒரு பண்டம். அரை மணி கழித்து அது வேறு பண்டம்.

"அதான் பேமிலி ரூம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, திரை. குடும்பத்தோடு வந்தால், சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தால், முடித்து எழுந்தால் சரி. ஒரு டீயை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ரெண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க அது இடமில்லை. ஓல்டன்பர்க் புத்தகத்திலும் ஆண், பெண் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. தனித்தனியாக இருப்பதை அவர் பெரிய குறையாகப் பார்க்கவில்லை. எனக்கு அதைவிட உதவியது 2011-இல் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய புத்தகம். பெண் வெளியே வர ஏதாவது ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது, காரணமே இல்லாமல் சும்மா நிற்கிற உரிமைதான் கேட்க வேண்டியது என்கிறார்கள். பேமிலி ரூம் என்பது ஒரு காரணச் சீட்டு. டீக்கடை பெஞ்சு காரணம் கேட்காது.

அந்தப் பெஞ்சும் எல்லா ஆண்களுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும், காபி கிளப்பில் யார் எங்கே உட்காருவது என்பது எவ்வளவு பெரிய அரசியலாக இருந்தது என்று. "பிராமணாள்" என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக 1957-இல் சென்னை முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். டெல்டா கிராமங்களில் இரட்டை டம்ளரும், தலித்துகளை பெஞ்சில் உட்காரவிடாததும் நெடுநாள் நடந்தன. எதிர்த்துப் போராடித்தான் உட்கார வேண்டியிருந்தது. ஆகவே "டீக்கடைன்னாலே அப்படித்தான்" என்ற பேச்சு எடுபடாது. யார் உட்காரலாம் என்பது மாறியிருக்கிறது, மாற்றப்பட்டிருக்கிறது.

இப்போது பட்டப்பெயருக்கு வருகிறேன். சின்ன சிங்கப்பூர்! பெரிய சிங்கப்பூரில் இந்த ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் என்னென்ன கடைகளில் வேலை பார்த்தார்கள்? அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்திய தெருவோர டீக்கடைக்கே "சரபத் கடை" என்று பெயர். இஞ்சி டீ, உயரத் தூக்கி ஆற்றுகிற தே தாரிக், பிராட்டா. சிங்கப்பூர் அரசு 1968-இல் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1971 முதல் 1986 வரை அவர்களுக்கென்று உணவங்காடி நிலையங்களைக் கட்டியது. கூரை, மின்விசிறி, தண்ணீர், சாக்கடை, கழிப்பறை, நடுவில் பொது மேசைகள். தெருவிலிருந்து துரத்திக் கொண்டுவந்தார்கள், அதில் பலருக்கு நஷ்டம் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்த மேசை யாருடையதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கடைக்காரரின் தயவில் நீங்கள் உட்காரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டீ குடித்தால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சேர்த்தது சமையலை மட்டும் அல்ல, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்தையும்.

அங்கே எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தவர்களின் ஊருக்கு மாடிவீடு வந்தது, தரைக்கல் வந்தது. அந்தப் பொது மேசை மட்டும் கப்பலேறவில்லை. வீடு கட்டத் தனிமனிதர் போதும். மேசை போட அரசு வேண்டும். நம் அரசு ஆண்களுக்கு உட்காரும் இடம் கொடுக்கிறது, டாஸ்மாக் பார் என்ற பெயரில், டெண்டர் விட்டு. 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மிக நல்ல திட்டம், பயணத்தைத் திறந்துவிட்டது. இறங்கின பிறகு? நிற்கத்தான் வேண்டும்.

பணமில்லை, சட்டமில்லை என்று சொல்ல முடியாது. 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. விற்பனை மண்டலம் ஒதுக்கச் சொல்கிறது. குழுவில் இருக்கிற வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை, பதினைந்து மேசை, ஒழுங்காகக் கழுவுகிற கழிப்பறை, சுற்றிலும் பத்துக் கடை. அதில் பாதியை வீட்டில் ஆர்டருக்கு இடியாப்பமும் வட்டலப்பமும் செய்கிற பெண்களுக்குக் கொடுத்தால், விற்பனைக்கே வராத அந்தச் சமையலில் கொஞ்சமாவது வெளியே வரும். பட்டியல்காரர்களுக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்.

பொது உணவு என்பதே இந்த ஊர்ப்பக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரம்ஜான் மாதம் அஸர் தொழுகையை ஒட்டிப் பள்ளிவாசல் பக்கம் போங்கள். நோன்புக்கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், வசதிப்பட்டால் கொத்துக்கறி. பள்ளிவாசல்களுக்கு இதற்கென்று அரசே அரிசி கொடுக்கிறது. தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கும். யார் வீட்டுப் பிள்ளை, என்ன மதம் என்று கேட்பதில்லை. நோன்பு திறக்கும்போது ஆண்கள் பள்ளியில் வரிசையாக உட்கார்ந்து குடிப்பார்கள். பெண்களின் பங்கு தூக்குவாளியில் வீட்டுக்குப் போகும். அதுவும் பார்சல்தான், பாருங்கள்.

போகிறவர்களுக்கு என் பட்டியல் சின்னது. தம்ரூட்டை வாங்கும்போது இன்றைக்குப் போட்டதா என்று கேளுங்கள். மறுநாளும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மேல்தோல் இளகிவிடும். பரோட்டாவைக் கடையிலேயே சாப்பிடுங்கள். கூட வருகிறவர் பெண்ணாக இருந்தால் பேமிலி ரூமுக்குக் கை காட்டுவார்கள். வெளியே மேசையிலேயே உட்காருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மாஸ்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு "எத்தனை பரோட்டா?" என்று கேட்பார்.