துன்பமும் ஆன்ம வளர்ச்சியும்: 'இரட்சணிய யாத்திரிகம்' பற்றிய ஒரு நோக்கு

துன்பம் மனிதனைப் புடமிடும் என்பது சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான கருத்து. கிறிஸ்தவ மரபில் அது தனி அழுத்தம் பெறுகின்றது. துன்பத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து பண்பட்ட உள்ளமும், அதிலிருந்து நம்பிக்கையும் பிறத்தலை உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திற் பவுல் ஒரு தொடராக்கிக் காட்டுகின்றார். ஆயின் அதனைப் பிறருக்கு விதித்த அறவுரையாக அவர் கூறினாரல்லர். சிறையும் சவுக்கடியும் கண்ட ஒருவர் தன்மைப் பன்மையில் நின்று கூறுகின்றார். கூறப்படும் பொருளைப் போலவே கூறுவோர் நிற்குமிடமும் ஈண்டு முதன்மை பெறுகின்றது. இந்நுட்பத்தைத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் எங்ஙனம் போற்றியுள்ளது என்பது ஆராய்தற்குரியது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) நெல்லைச் சீமையில் வைணவ மரபிற் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனின் விருத்தத்தைக் கிறிஸ்தவப் பொருளுக்கு ஆக்கியமையாற் 'கிறிஸ்தவக் கம்பர்' எனப் போற்றப்பட்டவர். அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக நூலே அதன் முதனூல். அனுமதியின்றிப் போதனை செய்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தவர் பனியன். ஆகவே முதனூலே துன்பத்தை அருகிருந்து கண்ட நூலாகும்.

இக்கதையில் யாத்திரிகன் எதிர்கொள்ளும் இடர்கள் பல. அவற்றுள் இருவர் ஐயக்கோட்டையிற் சிறைப்படும் நிகழ்ச்சி தனியே நோக்கற்பாலது. வழியின் கடுமைக்கு அஞ்சி எளிய பாதையை நாடியவர்கள் அவநம்பிக்கை என்னும் அரக்கன் கையில் அகப்படுகின்றனர். அரக்கன் அவர்களைத் தற்கொலைக்குத் தூண்டுகின்றான். அத்தருணத்தில் யாத்திரிகனைத் தேற்றுபவன் 'நம்பிக்கை' என்னும் தோழன். அவனும் அதே இருட்டறையில் அதே அடிகளைப் பெற்றுக் கிடப்பவன். பின்னர்ச் சிறைக்கதவைத் திறக்கும் திறவுகோலும் வெளியிலிருந்து வருவதன்று. யாத்திரிகனின் மடியிலேயே இருந்து அவனால் நினைவுகூரப்படுவது. துன்பத்தின் பயனைக் கோட்டைக்கு வெளியே நின்று எவரும் விளக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

கிருஷ்ணபிள்ளையின் தனித்தன்மை அவர் சேர்த்த பகுதியிற் புலனாகின்றது. குமார பருவத்தில், முதனூலில் இல்லாத வகையில், கிறிஸ்துவின் பாடுகளை 'இரட்சணிய சரித படலம்' என விரித்துப் பாடுகின்றார். தமிழ்க் காப்பியத்துக்குத் தலைவன் ஒருவன் வேண்டும் என்பதால் மட்டும் இச்சேர்க்கை நிகழ்ந்ததெனக் கொள்வது போதாது. யாத்திரிகனுக்கு முன்னரே இறைவன் துன்புற்றான் என்பதை நிலைநாட்டிய பின்னரே அவனது துன்பங்கள் விரிகின்றன. உடன் துன்புற்றவனே வழிகாட்டி என்ற கருத்து இதனாற் காப்பியத்தின் அடித்தளமாகின்றது.

எனினும் இவ்வுருவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது தனியொருவனின் யாத்திரை. அதில் வரும் இடர்கள் ஒவ்வொன்றும் பெயரும் பயனும் உடையவை. ஊர் முழுவதையும் ஒரு காலைப்பொழுதில் அழிக்கும் துன்பத்துக்கு அங்கே இடமில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தைத் தாக்கியது. மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறையே. அங்கு மாண்டோர் 10,000இற்கு மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை அது. அலை அவ்வூர் எல்லைகளைப் பார்க்கவில்லை. மாண்ட குழந்தைக்குப் பண்படுதற்கு அவகாசம் ஏது? எஞ்சிய தாயிடம், 'இது உமது வளர்ச்சிக்காக நேர்ந்தது' என உரைக்கும் உரிமை எவருக்கு உண்டு?

இவ்வினாவுக்குக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தத்தம் வேதத்தில் ஒருவரையே காணலாம். கிறிஸ்தவர் யோபு என அழைப்பவரை முஸ்லிம்கள் அய்யூப் நபி என்பர். யோபுவின் நண்பர் ஏழு நாள் அவருடன் தரையில் மௌனமாக அமர்ந்திருந்தனர், அதுவரை குறையில்லை. வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே பிழைத்தனர். இறுதியில் இறைவன் கண்டித்தது அந்நண்பரையே. நெடிது முறையிட்ட யோபுவைப் பற்றியோ, அவரே சரியாகப் பேசினார் எனத் தீர்ப்பு வருகின்றது. திருக்குர்ஆனும் அய்யூப் நபி தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டதை அன்பியா அத்தியாயத்திற் கூறுகின்றது. ஸாத் அத்தியாயத்தில் அவரைப் பொறுமையாளர் எனப் புகழ்கின்றது. ஆகவே முறையீடும் பொறுமையும் தம்முள் முரணானவை அல்ல. கல்முனை மக்கள் 'ஸபுர்' என்னும் சொல்லை அழுகையை அடக்கும் ஆணையாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வொப்பீட்டின் ஒளியில் இரட்சணிய யாத்திரிகத்தின் சிறப்பும் குறையும் ஒருங்கே தெளிவாகின்றன. காரணம் கற்பித்தற்கியலாத இழப்பைப் பாட அதன் உருவக அமைப்பு இடந்தரவில்லை. யோபுவின் முறையீட்டுக்கு நிகரான குரலை அதிற் காண்டல் அரிது. எனினும் துன்புறுவோனுக்கு ஆறுதல் எங்கிருந்து வரவேண்டும் என்பதை அது செவ்வனே உணர்ந்துள்ளது. துன்பம் தானாக எவரையும் உயர்த்துவதில்லை. உள்ளத்தை வன்மையாக்குவதும் வெறுமையாக்குவதும் உண்டு. அதனால் வளர்ந்தேன் எனச் சொல்லத் துன்புற்றவருக்கே உரிமை உண்டு; அதையும் அவர் தமக்குரிய காலத்திலேயே சொல்லக்கூடும். அதுவரை ஏனையோர்க்குரியது இருட்டறையில் உடனிருந்த தோழனின் பணியே. கிறிஸ்தவ இலக்கியத்தைக் கற்போர் துன்பத்தின் மேன்மையைத் தேடுமுன், அதனைப் பாடும் குரல் எங்கு நிற்கின்றது என வினவுதல் வேண்டும்.