ஜீப்புக்குள் டிராக்டர் எஞ்சின்

மத்தூர் என்றதும் வடை ஞாபகம் வந்தால், அது கர்நாடகத்து மத்தூர். நம்முடையது கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகிற வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. இந்தப் பக்கம் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று விலைக்கு வந்தால், பெங்களூரிலிருந்து பார்க்க வருபவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார். உள்ளே டீசல் எஞ்சின் இருந்தால் முகம் சுருங்கும்; கூடவே விலையும்.

அந்தச் சுருக்கத்தில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

வில்லிஸோடு பிறந்தது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். போர்முனைக்கு அது பொருத்தம். மாங்காய்க் கூடை ஏற்றும் குடியானவருக்குக் கட்டுப்படியாகாது. 1973 எண்ணெய் நெருக்கடி அதை இன்னும் எட்டாததாக்கியது. டீசல் விலையோ 2014 அக்டோபர் வரை அரசின் பிடியில், பெட்ரோலைவிட மலிவாக இருந்தது. சென்னை செம்பியத்து சிம்சன் தொழிற்சாலை பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது. டாஃபே டிராக்டர்களிலும் சிம்சன் எஞ்சின்தான். ஆக, ஊரில் டிராக்டர் பார்க்கிற மெக்கானிக்கே ஜீப்பையும் பார்த்துவிடுவார். மகிந்திராவே பின்னாளில் தன் ஜீப்புகளில் இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றது. கம்பெனி செய்தால் புது மாடல், பட்டறை செய்தால் கலப்படமா?

ஆனாலும் பட்டறை வேலையின் குறைகள் கண்கூடு. டீசல் எஞ்சின் கனம் கூடியது. முன் பட்டை ஸ்பிரிங் தொய்யும். எஞ்சினை உட்கார வைக்க வண்டியின் அடிச்சட்டத்தை (சேஸியை) அறுத்து வெல்டிங் வைத்திருப்பார்கள். அதிர்வில் அந்த இடம்தான் முதலில் விரியும்.

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி, 50 ஆண்டு கடந்து, சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் பழம்பெரும் வாகனமாக ஏற்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ எழுத்தோடு நம்பர், 10 ஆண்டுப் பதிவு. சட்டத்தையும் எஞ்சினையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றலாம். அறுத்த சட்டம் அறுத்ததுதான். அமெரிக்காவில் 1961இல் வந்த கப் கேடட் தோட்ட டிராக்டரில் கோலர் எஞ்சினை எடுத்துவிட்டுப் புது எஞ்சின் வைப்பவர்களுக்கும் இந்தக் கணக்குதான்: பழைய துளைகளிலேயே பொருந்தினால் பெரிய நஷ்டமில்லை, பானெட்டை வெட்டினால் போச்சு.

‘ஒரிஜினல்’ மோகத்துக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பிடித்து, நம்பரை ராவி, ஆர்.சி.யில் உள்ள நம்பரைக் குத்திவிடும் கை இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியைவிட, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி மாற்றத்தை ஆர்.சி.யில் எழுதி வாங்கிய டீசல் ஜீப்புக்கே நான் அதிகம் கொடுப்பேன். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். 1950களில் பதிவான வண்டியின் முதல் முத்திரை சேலம் என்றிருந்தால், அந்தக் காகிதத்துக்கே தனி மதிப்பு.

வாங்க வருபவர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கழற்றிய பெட்ரோல் எஞ்சின் எங்கே? பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். மாட்டுக்கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தால், அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.